ஜார்ஜ் வாஷிங்டனும் மவுண்ட் வெர்னான் பண்ணைகளும்

ஜார்ஜ் வாஷிங்டன் (பெப்ரவரி 22, 1732 – டிசம்பர் 14, 1799) அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் குடியரசுத் தலைவரும், அந்நாட்டு விடுதலைப் போரின் தலைமைத் தளபதியும் ஆவார். போர்க்களத்திலும் ஆட்சியிலும் அவர் ஆற்றிய பணிகள் பரவலாக அறியப்பட்டவை. எனினும் தம் வாழ்நாளில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஈடுபட்டிருந்த தொழில் வேளாண்மையே. வர்ஜீனியாவில் பொட்டோமாக் ஆற்றங்கரையில் அமைந்த மவுண்ட் வெர்னான் என்னும் தம் நிலத்தை, புதிய நாட்டின் உழவர்களுக்கு எடுத்துக்காட்டாக விளங்கும் பண்ணையாக்க அவர் முயன்றார். அம்முயற்சியில் எழுந்த கட்டிடங்களுள் பதினாறு பக்கங்களைக் கொண்ட கதிரடிக் களஞ்சியம் தனிச்சிறப்பு உடையது. இக்கட்டிடங்களைப் பெரும்பாலும் எழுப்பியவர்களும், அவற்றில் உழைத்தவர்களும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க வழியினர் ஆவர். பண்ணையாளராக வாஷிங்டனின் வாழ்க்கை இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே அறியத்தக்கது.

இளமையும் நில அளவைப் பணியும்

வாஷிங்டன் வர்ஜீனியாவின் வெஸ்ட்மோர்லண்ட் கவுண்டியில் பிறந்தார். இவரது தந்தை அகஸ்டின் வாஷிங்டன் 1743 ஆம் ஆண்டு காலமானபோது இவருக்கு வயது 11. மூத்த சகோதரர்களைப் போல இங்கிலாந்து சென்று கல்வி பயிலும் வாய்ப்பு இவருக்குக் கிட்டவில்லை. கணக்கும் நில அளவையும் கற்றுக்கொண்ட இவர், 1749 ஆம் ஆண்டில் தமது 17 ஆவது வயதில் கல்பெப்பர் கவுண்டியின் நில அளவையாளராக நியமிக்கப்பட்டார். நிலத்தை அளந்து வரைபடமாக்கும் இப்பயிற்சி பிற்காலத்தில் தம் பண்ணைகளின் வரைபடங்களையும் கட்டிடங்களின் திட்டங்களையும் தாமே வரைவதற்கு இவருக்கு உதவியது. முறையான கட்டிடக்கலைக் கல்வி எதையும் இவர் பெற்றிருக்கவில்லை.

மவுண்ட் வெர்னான் நிலவுரிமை

பொட்டோமாக் கரையில் அமைந்த குடும்ப நிலம் முதலில் இவரது தமையனார் லாரன்ஸ் வாஷிங்டனிடம் இருந்தது. தாம் பணியாற்றிய பிரித்தானியக் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னானின் நினைவாக லாரன்ஸ் அவ்விடத்திற்கு மவுண்ட் வெர்னான் எனப் பெயரிட்டார். லாரன்ஸ் 1752 ஆம் ஆண்டு மறைந்த பின், 1754 ஆம் ஆண்டில் அவரது மனைவியிடமிருந்து வாஷிங்டன் அந்நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றார். அவ்வம்மையார் 1761 ஆம் ஆண்டு இறந்ததும் நிலம் இவருக்கே உரிமையாயிற்று. தொடக்கத்தில் சுமார் 2,000 ஏக்கராக இருந்த நிலத்தை, அக்கம்பக்க நிலங்களை வாங்கிச் சேர்த்துச் சுமார் 8,000 ஏக்கராக இவர் விரிவுபடுத்தினார்.

1759 ஆம் ஆண்டு ஜனவரியில் செல்வம் மிக்க கைம்பெண்ணான மார்த்தா கஸ்டிசை வாஷிங்டன் மணந்தார். மார்த்தாவின் முதல் கணவரது சொத்தில் அவருக்கு வாழ்நாள் உரிமையாக வந்த அடிமைகளும் இத்திருமணத்தின் வழியே மவுண்ட் வெர்னானுக்கு வந்து சேர்ந்தனர். இவர்கள் சட்டப்படி வாஷிங்டனுக்குச் சொந்தமானவர்கள் அல்லர். மார்த்தாவுக்குப் பின் கஸ்டிஸ் குடும்ப வாரிசுகளைச் சேரவேண்டியவர்கள். இவ்வேறுபாடு பிற்காலத்தில் பல குடும்பங்களின் வாழ்வைத் தீர்மானித்தது.

மாளிகையை வாஷிங்டன் இருமுறை விரிவாக்கினார். முதல் விரிவாக்கம் 1758 ஆம் ஆண்டிலும், இரண்டாவது 1774 ஆம் ஆண்டிலும் தொடங்கின. அம்மாளிகை பார்வைக்குக் கல்லால் கட்டப்பட்டது போலத் தோன்றினாலும் உண்மையில் மரத்தால் ஆனது. பலகைகளின் விளிம்புகளைச் சரிவாகச் செதுக்கி, வண்ணப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மீது மணலைத் தூவி, கற்களை அடுக்கியது போன்ற தோற்றம் உண்டாக்கப்பட்டது.

புகையிலையிலிருந்து கோதுமைக்கு

வர்ஜீனியாவின் பெருநிலக்கிழார்கள் அக்காலத்தில் புகையிலையைப் பயிரிட்டு, அதை இலண்டன் வணிகர்களுக்கு அனுப்பி, பதிலுக்கு வேண்டிய பொருட்களைக் கடனாகப் பெற்று வந்தனர். புகையிலை மண்ணின் வளத்தை விரைவில் உறிஞ்சிவிடும் பயிராகும். மவுண்ட் வெர்னானில் விளைந்த இலையின் தரமும் குறைவாகவே இருந்தது. கடன் பெருகுவதைக் கண்ட வாஷிங்டன் 1760களின் நடுப்பகுதியில் புகையிலையைக் கைவிட்டுக் கோதுமையை முதன்மைப் பயிராக்கினார்.

இம்மாற்றம் பண்ணையில் புதிய கட்டிடங்களைத் தேவையாக்கியது. புகையிலையை உலர்த்தக் காற்றோட்டமான கொட்டகை போதும். கோதுமைக்கோ கதிரடிக்கும் களம், தானியக் குதிர், மாவு ஆலை, ஏர் இழுக்கும் விலங்குகளுக்குத் தொழுவம் ஆகியவை வேண்டும். 1771 ஆம் ஆண்டில் டோக் ரன் ஓடையருகே நீர்விசையால் இயங்கும் மாவு ஆலை ஒன்று செயல்படத் தொடங்கியது. பிற்காலத்தில், 1791 ஆம் ஆண்டில், ஆலிவர் எவான்ஸ் கண்டுபிடித்த தானியங்கி முறை அவ்வாலையில் பொருத்தப்பட்டது. இம்முறையில் வாளிகள் கோத்த பட்டைகள் தானியத்தையும் மாவையும் ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்குத் தாமே ஏற்றிச் சென்றன.

முன்மாதிரிப் பண்ணை

விடுதலைப் போரின் காரணமாக 1775 ஆம் ஆண்டு முதல் 1783 ஆம் ஆண்டு வரை வாஷிங்டன் பண்ணையைவிட்டு விலகியிருந்தார். அக்காலத்தில் உறவினரான லண்ட் வாஷிங்டன் நிலங்களை நிர்வகித்தார். 1783 ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய நாளில் வீடு திரும்பிய வாஷிங்டன், வேளாண்மையை அறிவியல் முறையில் சீர்திருத்தத் தொடங்கினார். 1786 ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆர்தர் யங்குடன் கடிதத் தொடர்பு கொண்டார். ஏர்கள், விதைகள் ஆகியவற்றோடு களஞ்சியத்திற்கான வரைபடம் ஒன்றையும் யங் இவருக்கு அனுப்பி வைத்தார்.

நிலம் முழுவதும் ஐந்து பண்ணைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவை மாளிகைப் பண்ணை, ரிவர் பண்ணை, மடி ஹோல் பண்ணை, டோக் ரன் பண்ணை, யூனியன் பண்ணை என்பனவாகும். மாளிகைப் பண்ணை தோட்டங்களுக்கும் கைத்தொழில்களுக்கும் உரியதாக இருந்தது. மற்ற நான்கிலும் பயிர்த்தொழில் நடைபெற்றது. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு கங்காணி இருந்தார். கங்காணிகளுள் சிலர் அடிமைகளே. அனைவருக்கும் மேலாகப் பொது மேலாளர் ஒருவர் பணியாற்றினார். கோதுமையுடன் தீவனப் புல், பயறு, உருளைக்கிழங்கு முதலியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிடும் பலவாண்டுச் சுழற்சி முறையை வாஷிங்டன் ஒவ்வொரு வயலுக்கும் வகுத்தார். ஏருக்குக் கோவேறு கழுதைகளைப் பயன்படுத்த விரும்பிய இவருக்கு, 1785 ஆம் ஆண்டில் எசுப்பானிய அரசர் மூன்றாம் சார்லசு உயர்ரக ஆண் கழுதையொன்றைப் பரிசாக அனுப்பினார்.

எரு பற்றிய ஆர்வம் இவருக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1760 ஆம் ஆண்டிலேயே பத்து அறைகள் கொண்ட பெட்டி ஒன்றில் வெவ்வேறு எருக்களை மண்ணுடன் கலந்து விதையிட்டுச் சோதித்துப் பார்த்தார். 1787 ஆம் ஆண்டில் தொழுவத்தின் அருகே எருக் கொட்டகை ஒன்று கட்டப்பட்டது. 31 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட அக்கொட்டகைக்குக் கூரை உண்டு. பக்கச் சுவர்கள் இல்லை. தரை தாழ்த்தப்பட்டுக் கூழாங்கற்கள் பதிக்கப்பட்டிருந்தது. சாணம் மழையில் கரைந்தோடாமலும் சாறு மண்ணில் இறங்கி வீணாகாமலும் மக்குவதற்கு இவ்வமைப்பு உதவியது. எரு சேமிப்பதற்கென்றே அமெரிக்காவில் கட்டப்பட்டவற்றுள் அறியப்பட்ட மிகப் பழைய கட்டிடமாக இது கருதப்படுகிறது.

யூனியன் பண்ணைக் களஞ்சியம்

ஆர்தர் யங் அனுப்பிய வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு, சில மாற்றங்களுடன், யூனியன் பண்ணையில் பெரிய செங்கல் களஞ்சியம் ஒன்று 1788 ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் மவுண்ட் வெர்னானுக்கு வந்த பிரெஞ்சுப் பயணி பிரிசோ, அதன் நீளத்தைச் சுமார் 100 அடி எனக் குறிப்பிட்டுள்ளார். முப்பது பேர் ஒரே நேரத்தில் உள்ளே நின்று கோல் கொண்டு கதிரடிப்பதற்கு ஏற்ற மரத்தளம் அதில் இருந்தது.

ஆனால் அக்கட்டிடம் எதிர்பார்த்தபடி பயன்படுத்தப்படவில்லை. வர்ஜீனியாவில் கோதுமைக் கதிர்களைத் திறந்த வெளியில் பரப்பி, குதிரைகளை அவற்றின்மீது சுற்றிச் சுற்றி நடக்கவிட்டு மணிகளை உதிர்ப்பதே வழக்கமாக இருந்தது. இதனால் தானியத்தில் மண்ணும் சாணமும் கலந்தன. மழை வந்தால் களத்திலேயே தானியம் நனைந்து கெட்டது. திருட்டுக்கும் வாய்ப்பு இருந்தது. 1793 ஆம் ஆண்டு அக்டோபரில் வர்ஜீனியா ஆளுநர் ஹென்றி லீக்கு எழுதிய கடிதத்தில், வசதியான களஞ்சியம் இருந்தும் அதன் வாயிலிலிருந்து முப்பது அடி தொலைவுக்குள் மண்தரையில் களம் அமைத்து, உள்ளே இருந்த கதிர்களையே வெளியே எடுத்துவந்து குதிரைகளைவிட்டு மிதிக்க வைத்திருந்ததைத் தாம் கண்டதாக வாஷிங்டன் குறைபட்டுக்கொண்டார்.

கோல் கொண்டு கதிரடிப்பது கடினமான, மெதுவான வேலை. விளைச்சலில் எந்தப் பங்கும் இல்லாத அடிமைகளை அவ்வேலையில் நாள் முழுவதும் ஈடுபடுத்த ஓயாத மேற்பார்வை தேவைப்பட்டது. கங்காணிகளோ குதிரைகளால் வேலையை விரைவாக முடிக்கவே விரும்பினர். இங்கிலாந்தின் கூலி உழவர்களை மனத்திற்கொண்டு வரையப்பட்ட கட்டிடம் அடிமை முறையில் இயங்கிய பண்ணைக்குப் பொருந்தவில்லை.

பதினாறு பக்கக் களஞ்சியம்

இச்சிக்கலுக்கு வாஷிங்டன் கண்ட தீர்வு, குதிரைகள் மிதிக்கும் வழக்கத்தை மாற்றாமல் அதையே கூரையின் கீழ் கொண்டுவருவதாகும். குடியரசுத் தலைவராகப் பிலடெல்பியாவில் இருந்தபோது, 1792 ஆம் ஆண்டு அக்டோபரில், சுமார் 650 ஏக்கர் பரப்புள்ள டோக் ரன் பண்ணைக்கான களஞ்சியத்தின் வரைபடத்தையும் கட்டுமானக் குறிப்புகளையும் அவர் மேலாளர் ஆன்டனி வைட்டிங்கிற்கு அனுப்பினார்.

கட்டிடத்தின் குறுக்களவு 52 அடி. குதிரைகள் சுற்றி வருவதற்கு வட்ட வடிவமே ஏற்றது. ஆனால் நேரான செங்கல்லையும் மரத்தையும் கொண்டு முழு வட்டம் அமைப்பது கடினம். பதினாறு பக்கங்களாக்கினால் ஒவ்வொரு சுவரும் சுமார் 10 அடி நீளமுள்ள நேர்ச்சுவராகிறது. இரு சுவர்கள் சந்திக்கும் உட்கோணம் 157.5 பாகை என்பதால் குதிரைகள் எந்த மூலையிலும் தடைபடாமல் ஓட முடிகிறது. அதே குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு இவ்வடிவத்தில் கிடைத்துவிடுகிறது.

கட்டிடம் இரண்டு தளங்களைக் கொண்டது. கீழ்த்தளம் செங்கல்லாலும் மேல்தளம் மரத்தாலும் ஆனவை. மண்ணால் அமைக்கப்பட்ட சாய்தளத்தின் வழியாகக் குதிரைகள் மேல்தளத்திற்கு ஏற்றப்பட்டன. அங்கு வெளிச்சுவரை ஒட்டிச் சுமார் 10 அடி அகலமுள்ள வளையப் பாதை இருந்தது. பாதையின் தரை வெள்ளை ஓக் மரச்சட்டங்களால் ஆனது. சட்டங்களுக்கிடையே ஒன்றரை அங்குல இடைவெளி விடப்பட்டது. பரப்பிய கதிர்களின்மீது குதிரைகள் சுற்றி ஓடும்போது உதிரும் மணிகள் இவ்விடைவெளி வழியே கீழ்த்தளத்தில் விழும். வைக்கோல் மேலேயே தங்கிவிடும். கீழே விழுந்த தானியம் தூற்றப்பட்டுப் பதர் நீக்கப்பட்டபின், மாவு ஆலைக்கு அனுப்பப்படும் வரை அங்கேயே பூட்டி வைக்கப்பட்டது. இவ்வாறு கதிரடித்தல், பிரித்தல், சேமித்தல் ஆகிய மூன்று செயல்களும் மழைக்கும் திருட்டுக்கும் அஞ்சாமல் ஒரே கூரையின்கீழ் நடைபெற்றன. தானியத்தை ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் கொண்டுசெல்லப் புவியீர்ப்பே போதுமானதாக இருந்தது.

கீழ்த்தளத்திற்குத் தேவையான செங்கற்களின் எண்ணிக்கையை 30,820 என வாஷிங்டன் முன்கூட்டியே கணக்கிட்டிருந்தார். 1793 ஆம் ஆண்டில் வைட்டிங் இறந்த பின் வில்லியம் பியர்ஸ் மேலாளராகப் பொறுப்பேற்றார். மேலாளர்கள் வாரந்தோறும் அனுப்பிய அறிக்கைகளைப் படித்து, தலைநகரிலிருந்தபடியே வாஷிங்டன் விரிவான அறிவுரைகளை எழுதி வந்தார். கட்டுமானம் 1795 ஆம் ஆண்டில் நிறைவுற்றது.

கட்டியவர்கள்

செங்கல் அறுத்தல், சுடுதல், மரம் வெட்டுதல், சட்டம் செதுக்குதல், கூரை வேய்தல் ஆகிய அனைத்தும் மவுண்ட் வெர்னானிலேயே நடைபெற்றன. தாமஸ் கிரீன் என்னும் சம்பளத் தச்சர் மேற்பார்வையிட்டார். வேலை செய்தவர்கள் அடிமைகளாக இருந்த தச்சர்களும் கொத்தர்களும் ஆவர். பண்ணைக் குறிப்பேடுகளில் ஐசக், ஜேம்ஸ், ஜோ, சாம்போ ஆண்டர்சன் ஆகிய தச்சர்களின் பெயர்களும், டாம் டேவிஸ், மக்லஸ் ஆகிய கொத்தர்களின் பெயர்களும் இடம்பெற்றுள்ளன. கோணங்கள் பிசகாத பதினாறு சுவர்களை எழுப்பி, அவற்றின்மேல் குதிரைகளின் எடையையும் ஓட்டத்தின் அதிர்வையும் தாங்கும் மரத்தளத்தை அமைப்பதற்குச் சிறந்த கைத்திறன் வேண்டும். வடிவமைத்தவர் பெரும்பாலும் தொலைவில் இருந்தமையால் வரைபடத்தைக் கட்டிடமாக்கும் பொறுப்பு இவர்களுடையதாயிற்று.

இவர்களின் குடியிருப்புகள் களஞ்சியத்திற்கு நேர்மாறானவை. மாளிகையருகே 1787 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பசுமைக்குடிலின் இருபுறமும், 1790களின் தொடக்கத்தில், நான்கு பெரிய அறைகள் கொண்ட செங்கல் குடியிருப்பு சேர்க்கப்பட்டது. எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய மென்மையான செடிகளைக் குளிரிலிருந்து காக்கப் பசுமைக்குடிலில் வெப்பக் காற்றுக் குழாய்கள் அமைக்கப்பட்டிருந்தன. புறப்பண்ணைகளில் வாழ்ந்த அடிமைகள் மரத்துண்டுகளை அடுக்கி மண் பூசிய குடிசைகளில் வசித்தனர். 1798 ஆம் ஆண்டில் இங்கு வந்த போலந்து எழுத்தாளர் யூலியன் நியெம்சேவிச், இக்குடிசைகள் தம் நாட்டின் வறிய குடியானவர்களின் வீடுகளைக் காட்டிலும் இழிந்த நிலையில் இருந்ததாகப் பதிவு செய்துள்ளார். டோக் ரன் பண்ணையில் கோதுமைக்குச் செங்கல் சுவர் கிடைத்தது. அதை விளைவித்தோருக்குக் கிடைக்கவில்லை.

குத்தகைத் திட்டம்

புதிய கட்டிடங்களும் பயிர்ச்சுழற்சியும் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. 1793 ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்தர் யங்கிற்கு எழுதிய நீண்ட கடிதத்தில், மாளிகைப் பண்ணை நீங்கலாக மற்ற நான்கு பண்ணைகளையும் திறமையான ஆங்கிலேய உழவர்களுக்குக் குத்தகைக்கு விடத் தாம் விரும்புவதாக வாஷிங்டன் தெரிவித்தார். தம்மிடமிருந்த அடிமைகளை விடுவிப்பதற்கு வழி காண்பதும் அத்திட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பதை 1794 ஆம் ஆண்டில் தம் முன்னாள் செயலர் டோபியஸ் லியருக்குத் தனிப்பட்ட முறையில் எழுதினார். தகுந்த குத்தகையாளர்கள் முன்வராததால் திட்டம் நிறைவேறவில்லை. தம் கருத்தை அவர் பொதுவெளியில் அறிவிக்கவுமில்லை. பதவியில் இருந்த ஆண்டுகளில் தப்பியோடிய அடிமைகளைத் திரும்பப் பிடிக்கவும் அவர் முயன்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

இறுதி ஆண்டுகள்

1797 ஆம் ஆண்டு மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து வாஷிங்டன் மவுண்ட் வெர்னானுக்குத் திரும்பினார். அவ்வாண்டே ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சனின் யோசனைப்படி மாவு ஆலையருகே விஸ்கி வடிப்பகம் தொடங்கப்பட்டது. பின்னர் 75 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட கட்டிடத்தில் ஐந்து செப்புக் கொப்பரைகளுடன் இயங்கிய இவ்வடிப்பகம், 1799 ஆம் ஆண்டில் சுமார் 11,000 காலன் விஸ்கியை உற்பத்தி செய்தது. அக்காலத்தில் ஸ்காட்லாந்தில் உருவாகியிருந்த கதிரடி இயந்திரங்கள் களஞ்சியத்தின் பயனைக் குறைக்கத் தொடங்கியிருந்தன. வாஷிங்டனும் அவற்றில் ஆர்வம் காட்டினார்.

1799 ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று பனியும் ஆலங்கட்டியும் மழையும் மாறி மாறிப் பெய்துகொண்டிருக்க, வாஷிங்டன் வழக்கம்போல் குதிரைமீது பல மணி நேரம் பண்ணைகளைச் சுற்றிப் பார்த்தார். மறுநாள் தொண்டை வலி கண்டது. அன்றும், அடுத்த ஆண்டுகளில் வயல்வாரியாகச் செய்யவேண்டிய வேலைகள் குறித்துத் தாம் தயாரித்திருந்த திட்டம் தொடர்பாக மேலாளருக்குக் கடிதம் எழுதினார். டிசம்பர் 14 இரவு அவர் உயிர் நீத்தார்.

உயில்

அவ்வாண்டு கோடையில் வாஷிங்டன் எடுத்த கணக்கின்படி மவுண்ட் வெர்னானில் 317 அடிமைகள் இருந்தனர். அவர்களுள் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தமானவர்கள். 153 பேர் கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்தவர்கள். எஞ்சியோர் பிறரிடமிருந்து வாடகைக்குப் பெறப்பட்டவர்கள். ஜூலை 9, 1799 நாளிட்ட உயிலில், தமக்குச் சொந்தமானவர்கள் மார்த்தாவின் மறைவுக்குப் பின் விடுதலை பெறவேண்டும் எனவும், முதியோர் பராமரிக்கப்பட வேண்டும் எனவும், ஆதரவற்ற சிறுவர்களுக்கு எழுத்தறிவும் தொழிலும் கற்பிக்கப்பட வேண்டும் எனவும் வாஷிங்டன் எழுதியிருந்தார். போர்க்காலத்தில் உடனிருந்த வில்லியம் லீ மட்டும் உடனடி விடுதலை பெற்றார். மார்த்தா தம் வாழ்நாள் முடியும்வரை காத்திராமல், 1801 ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் அவர்களை விடுவித்தார். தச்சரான சாம்போ ஆண்டர்சனும் அவ்வாறு விடுதலை பெற்றவர்களுள் ஒருவர்.

கஸ்டிஸ் சொத்தைச் சேர்ந்தவர்களை விடுவிக்க வாஷிங்டனுக்குச் சட்ட உரிமை இருக்கவில்லை. 1802 ஆம் ஆண்டு மே மாதம் மார்த்தா இறந்ததும் அவர்கள் அவரது நான்கு பேரப்பிள்ளைகளிடையே பங்கிடப்பட்டனர். இரு தரப்பினருக்கும் இடையே திருமணங்கள் நடந்திருந்தமையால் பல குடும்பங்களில் ஒருவர் விடுதலை பெற, மற்றவர் அடிமையாகவே தொடர்ந்தார்.

பிற்காலம்

வாஷிங்டனின் மறைவுக்குப் பின் நிலங்கள் உறவினர்களிடையே பிரிக்கப்பட்டன. பசுமைக்குடில் 1835 ஆம் ஆண்டு தீக்கிரையாகி, 1951 ஆம் ஆண்டில் மீண்டும் கட்டப்பட்டது. பதினாறு பக்கக் களஞ்சியம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிதைந்து மறைந்தது. அதற்குமுன் எடுக்கப்பட்ட ஒளிப்படமும், வாஷிங்டன் வரைந்த திட்டமும், மேலாளர்களின் அறிக்கைகளும் எஞ்சின. இவற்றின் அடிப்படையில், 1858 ஆம் ஆண்டு முதல் மாளிகையை மீட்டுப் பராமரிக்கும் பொறுப்பை மேற்கொண்ட மவுண்ட் வெர்னான் மகளிர் சங்கம், 1996 ஆம் ஆண்டில் அக்களஞ்சியத்தின் மாதிரியைப் பொட்டோமாக் ஆற்றங்கரையில் அமைத்தது. இது முதல் களஞ்சியம் இருந்த இடமன்று. குதிரைகளைக் கொண்டு கதிரடிக்கும் முறையும் இங்குப் பார்வையாளர்களுக்குச் செய்து காட்டப்பட்டது. விஸ்கி வடிப்பகத்தின் மறுகட்டுமானம் 2007 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

மாளிகையின் தென்மேற்கே அடிமைகளின் இடுகாடு உள்ளது. அங்குள்ள கல்லறைகளில் பெயர்கள் இல்லை. 1929 ஆம் ஆண்டில் அங்கு ஒரு நினைவுக்கல்லும், 1983 ஆம் ஆண்டில் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்த நினைவுச்சின்னமும் நிறுவப்பட்டன. புதைக்கப்பட்டோரின் எண்ணிக்கையை அறிவதற்கான தொல்லியல் ஆய்வு 2014 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.